கிழமை இழந்த அரங்குகள்

கொல்கத்தாவின் நாடக வரலாறு ஓர் அரங்கின் திறப்போடு தொடங்குகிறது என்று நூல்கள் கூறும். அதே வரலாறு ஓர் அரங்கின் மூடலோடு தொடங்குகிறது என்றாலும் பிழையாகாது. ரஷ்யாவிலிருந்து வந்த கெராசிம் லெபெதெவ் என்னும் இசைக்கலைஞர், கோலக்நாத் தாஸ் என்ற ஆசிரியரிடம் வங்காளம் கற்று, ஆங்கில நாடகம் ஒன்றை அம்மொழியில் பெயர்த்து, தூம்தலா என்ற பகுதியில் தாமே முயன்று அமைத்த அரங்கில் 1795 நவம்பர் 27 அன்று வங்காளி நடிகர்களையும் நடிகைகளையும் கொண்டு மேடையேற்றினார். மறு ஆண்டு மார்ச்சில் இன்னொரு முறை திரை எழுந்தது. அத்தோடு அரங்கு கைவிட்டுப் போயிற்று, அவரும் நொடித்துப்போய் நகரைவிட்டு வெளியேறினார். ஒருவர் கலையார்வத்தால் ஓர் அரங்கை எழுப்புவதும், சில காலம் அது ஒளிர்வதும், பிறகு பணமுடையாலோ நெருப்பாலோ நிலவிலையாலோ அணைந்துபோவதும் அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளாக அந்நகரில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கின்றன.

இங்கே பேசப்படுவது அரசு கட்டிய கலையரங்குகளைப் பற்றியதன்று. இலாபத்துக்காக மட்டும் நடந்த கொட்டகைகளைப் பற்றியதுமன்று. கலைஞர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து பொறுப்பேற்று, தாங்கள் விரும்பிய நாடகத்தைத் தாங்கள் குறித்த நாளில் நடத்தி, சுற்றுவட்டாரத்து மக்களைத் தங்களுக்கென ஒரு பார்வையாளர் திரளாக ஆக்கிக்கொண்ட இடங்களே இங்கு முதன்மையான பொருள். அத்தகைய இடம் ஒன்று மூடப்படும்போது நகரம் சரியாக எதை இழக்கிறது என்ற கேள்விக்குச் செங்கல்லையும் மேடையையும் சுட்டிக்காட்டுவது எளிய விடை. கொல்கத்தாவின் அனுபவமோ வேறு ஒன்றைச் சுட்டுகிறது.

வங்காளத்தில் பணம் கொடுத்து எவரும் சீட்டு வாங்கிப் பார்க்கக்கூடிய நாடகம் 1872 டிசம்பர் 7 அன்று, ஜோராசாங்கோவில் ஒரு செல்வர் வீட்டின் முற்றத்தில் எழுப்பிய மேடையில், அவுரிச் சாகுபடியாளர்களின் துயரத்தைச் சொன்ன தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தோடு தொடங்கிற்று. அதுவரை நாடகம் பெரிய மனிதர் வீடுகளில் அழைப்பின் பேரில் வந்தவர்களுக்கு மட்டும் நடந்ததால், புதிய வகையை வங்காளிகள் ‘சாதாரண் ரங்காலய்’ என்றனர். தமிழில் ‘சாதாரணம்’ என்றால் சிறப்பில்லாதது என்று பொருள்பட, வங்காளத்தில் ‘சாதாரண்’ என்பது பொதுமக்களுக்கு உரியது என்ற பொருளையும் தாங்குவதால், அது ‘பொது நாடக அரங்கு’ என்றே கொள்ளத்தக்கது. இந்தப் பொது அரங்கு அரசை எவ்வளவு விரைவாக உறுத்தியது என்பதற்கு, நான்கே ஆண்டுகளில், 1876இல், நாடக நிகழ்த்துகைச் சட்டம் பிறந்ததே சான்று. வடகொல்கத்தாவின் பீடன் தெருவிலும் பின்னர் ஹாத்திபாகானிலும் அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன; இருபதாம் நூற்றாண்டில் வியாழன், சனி, ஞாயிறு என்ற மூன்று கிழமைகளும் நாடகத்துக்குரியவை என்பது நகரத்தின் வழக்காகவே நிலைபெற்றது. அந்தக் கிழமைகளில் இன்ன அரங்கில் விளக்கு எரியும் என்று தெரிந்திருந்ததால், அலுவலகம் முடிந்து வருபவரும் மாவட்டத்திலிருந்து ரயிலேறி வருபவரும் விளம்பரத்தைத் தேடாமலே அரங்குக்குச் செல்ல முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய ஓர் அரங்கின் முடிவு வங்காளிகளின் நினைவில் ஆழப் பதிந்தது என்றால், அது சிசிர் குமார் பாதுரியின் ஸ்ரீரங்கம். தமிழ் வாசகருக்கு அப்பெயர் காவிரித் தீவையும் பள்ளிகொண்ட பெருமாளையும் நினைவூட்டும். வங்காளத்தில் ‘ரங்க’ என்பது நாடக மேடையைக் குறிக்கும் சொல்லாகவே வழங்குகிறது, நம் ‘அரங்கு’ என்பதும் அதற்கு அண்டை வீட்டுச் சொல்தான். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த வேலையை விட்டு 1921இல் தொழில்முறை மேடைக்கு வந்த பாதுரி, நடிப்பையும் ஒளியையும் மேடையமைப்பையும் ஒரே கண்ணோட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த முதல் நவீன இயக்குநராக வங்காள மேடையில் மதிக்கப்படுபவர். 1924இல் அவர் நடத்திய ‘சீதா’வுக்கு ரவீந்திரநாத் தாகூரின் பாராட்டும் கிடைத்தது. 1942இல் அவர் பொறுப்பேற்ற ஸ்ரீரங்கத்தில் அவருடைய நாடகங்கள் மட்டும் நடக்கவில்லை. 1943இன் பெரும்பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சார்யா எழுதிய ‘நபான்ன’ நாடகத்தை இந்திய மக்கள் நாடக மன்றம் 1944 அக்டோபர் 24 அன்று முதன்முதலாக மேடையேற்றியதும் அங்கேதான்; அதன் இயக்கத்தில் பங்குகொண்ட சம்பு மித்ரா நான்கு ஆண்டுகள் கழித்து ‘பொஹுரூபி’ குழுவைத் தொடங்கினார். பழைய தொழில்முறை மேடையின் கடைசிப் பெருங்கலைஞர் வாடகை கொடுத்துக் காத்த கூரையின் கீழ், அவரது மேடைக்கு மாற்றாக வரவிருந்த இயக்கம் தன் முதல் பெருவெற்றியைக் கண்டது.

வாடகை நிலுவையேறி, 1956 ஜனவரியில் பாதுரி அந்த அரங்கைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டில் அது ‘பிஸ்வரூபா’ என்ற பெயரில் புதிய உரிமையாளரின்கீழ் திறந்தது. அரங்குக்கு அழிவில்லை, அதை நடத்தியவருக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. 1959இல் நடுவணரசு அறிவித்த பத்மபூஷண் விருதை அவர் மறுத்தார். விருதுக்குப் பதில் ஒரு தேசிய நாடக அரங்கை அமைத்திருந்தால் மனநிறைவு அடைந்திருப்பேன் என்பது அவர் நிலைப்பாடாக இருந்தது. அவ்வாண்டு ஜூனில் அவர் மறைந்தார்.

இந்த இடத்தில் ‘குரூப் தியேட்டர்’ என்ற சொல்லை விளக்க வேண்டும். பகலில் வங்கியிலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடும், ஊதியம் பெறாத அல்லது பெயரளவுக்குப் பெறும் உறுப்பினர்களைக் கொண்ட குழுக்களின் நாடகத்தை வங்காளிகள் அப்பெயரால் அழைக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்கு நடிகர்களை அமர்த்தி ஒரே நாடகத்தை நூற்றுக்கணக்கான முறை ஓட்டிய ஹாத்திபாகானின் தொழில்முறை அரங்குகளிலிருந்து இவற்றை வேறுபடுத்தவே இச்சொல் தேவைப்பட்டது. குழுக்களிடம் நாடகம் இருந்தது, கொள்கை இருந்தது, பார்வையாளரும் இருந்தனர், கட்டடம்தான் இல்லை. இந்தக் குறையை நேருக்கு நேர் எதிர்கொண்ட துணிச்சலான முயற்சி உத்பல் தத் தலைமையிலான லிட்டில் தியேட்டர் குழுவுடையது.

தமிழ்நாட்டில் உத்பல் தத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் ஏற்ற ஒரு வேடமாவது மறைமுகமாகத் தெரிந்திருக்கும்: 1979இல் வந்த ‘கோல்மால்’ இந்திப் படத்தில் மீசையில் ஒழுக்கத்தைக் கண்ட முதலாளியாக அவர் நடித்த பாத்திரத்தைத்தான் 1981இல் கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’வில் தேங்காய் சீனிவாசன் ஏற்றார். இளமையில் ஜெஃப்ரி கெண்டலின் ஆங்கில ஷேக்ஸ்பியர் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிய தத், ஆங்கில நாடகத்தில் தொடங்கி வங்காள நாடகத்துக்குத் திரும்பி, 1959இல் பீடன் தெருவின் மினர்வா அரங்கைத் தம் குழுவின் பெயரில் குத்தகைக்கு எடுத்தார். அது வெறும் கட்டடமன்று. 1893இல் கிரீஷ் சந்திர கோஷ் மொழிபெயர்த்த ‘மேக்பத்’தோடு திறந்து, 1922இல் எரிந்து, 1925இல் மீண்டும் எழுந்த அந்த அரங்கு, அதற்கும் முன்பு கிரேட் நேஷனல் தியேட்டர் நின்ற நிலத்திலேயே அமைந்திருந்தது. சம்பளம் வாங்காத கொள்கையாளர்கள் ஒரு தொழில்முறை அரங்கை வாரந்தோறும் நடத்துவது என்பது அதுவரை எவரும் பெரிதாகச் செய்து பார்த்திராத கலப்பு முறை.

முதல் சில மாதங்கள் சோதனையாகவே கழிந்தன. 1959 டிசம்பர் 31 அன்று மேடையேறிய ‘அங்கார்’ அந்த நிலையை மாற்றிற்று. நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிக்கொண்ட தொழிலாளர்களைப் பற்றிய அந்நாடகத்துக்கு இசையமைத்தவர் பண்டிட் ரவிசங்கர். ஒளியமைத்தவர் தபஸ் சென். சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி மனிதர்களை மூழ்கடிக்கும் இறுதிக் காட்சியை ஒரு சொட்டு நீருமின்றி வெறும் ஒளியின் அசைவால் அவர் உருவாக்கியது வங்காள மேடையின் பேச்சுப் பொருளாயிற்று. நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. ஒரு நகரம் அதே நாடகத்தை அதே இடத்தில் மாதங்கள் கடந்தும் பார்க்க முடிகிறபோதுதான், முதல் வாரத்தில் பார்த்தவர் சொல்லக் கேட்டு அடுத்த வீட்டார் வருவதும், அவர் சொல்லி ஒரு தொழிற்சங்கமே திரண்டு வருவதும் நிகழ்கின்றன. ஒரே நாள் நடந்து மறையும் நாடகத்துக்கு எவ்வளவு உயர்ந்த தரம் இருந்தாலும் இந்த வாய்மொழி கிட்டாது.

அடுத்த பெரிய நாடகம் 1965 மார்ச்சில் வந்த ‘கல்லோல்’. 1946 பிப்ரவரியில் பம்பாயில் வெடித்த கடற்படை மாலுமிகளின் எழுச்சியைச் சொன்ன அந்நாடகத்துக்காக, சுரேஷ் தத்தா மினர்வா மேடையில் ‘கைபர்’ என்ற போர்க்கப்பலையே நிறுத்தினார். இசையை ஹேமாங்க பிஸ்வாஸ் அமைத்தார். எழுச்சியைக் காங்கிரஸ் தலைமை கைவிட்டது என்ற அதன் வாதம் அன்றைய ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. செய்தித்தாள்கள் விளம்பரத்தை ஏற்க மறுத்தன. செப்டம்பரில் உத்பல் தத் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் விசாரணையின்றிச் சிறையில் இருந்தார். நாடகமோ நிற்கவில்லை. கல்லோல் நடந்துகொண்டிருக்கிறது, இனியும் நடக்கும் என்ற பொருள்பட தபஸ் சென் ஆக்கிய சுருக்கமான முழக்கம் சுவரொட்டிகளாக நகரெங்கும் ஒட்டப்பட்டது. நாடகம் எப்போது, எங்கே என்று அந்தச் சுவரொட்டி சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். மினர்வாவில், வழக்கமான நாட்களில் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. செய்தித்தாள்களின் புறக்கணிப்பு பலிக்காமல் போனதற்கு நாடகத்தின் வீரியம் ஒரு காரணம் என்றால், அந்த அரங்குக்கு நிலையான கிழமைகள் இருந்தமை மற்றொரு காரணம்.

பத்தாண்டு கடந்ததும் அந்தக் குத்தகை முடிவுக்கு வந்தது. நக்சல்பாரி உழவர் எழுச்சியைப் பற்றி 1967இல் தத் எழுதிய ‘தீர்’ நாடகமும், அதையொட்டி பம்பாயில் அவர் கைதானதும், விடுதலையின் சூழ்நிலை பற்றி எழுந்த கசப்பான சர்ச்சையும் குழுவுக்குள் பிளவை உண்டாக்கின. கடனும் கூடவே வளர்ந்தது. 1970 வாக்கில் குழு மினர்வாவை விட்டு நீங்கிக் கலைந்தது. தத் அடுத்து அமைத்த பீப்பிள்ஸ் லிட்டில் தியேட்டர் 1971இல் நடத்திய ‘டினேர் தலோவார்’, அதாவது ‘தகர வாள்’, 1876 சட்டத்தின் காலத்து நாடகக் குழு ஒன்று தன் அரங்கின் உரிமையாளரான பணக்காரப் பாபுவோடு படும் பாட்டையே கதையாகக் கொண்டது தற்செயலன்று. அரங்கு இல்லாமல் போன ஒரு குழு, அரங்கு யாருடையது என்ற கேள்வியை நகைச்சுவையாக்கி, அரசு கட்டிய ரவீந்திர சதனில் நடத்திற்று.

இத்தகைய அரங்குகள் தொடர்ந்து தோற்பதற்குப் பொறுப்பை நிர்வாகத் திறமையின்மையின் மீது சுமத்துவது வழக்கம். அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், அடிப்படைக் காரணம் நாடகத்தின் இயல்பிலேயே இருக்கிறது. 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் நிகழ்த்து கலைகளின் வரவுசெலவை ஆராய்ந்து எழுதிய நூல் இதைத் தெளிவாக விளக்கியது. துணி ஆலையில் இயந்திரம் மேம்பட மேம்பட ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் நெய்யும் துணியின் அளவு பெருகும். ஆனால் ஒரு பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் சேர்ந்து செய்யும் இரண்டரை மணிக் கச்சேரிக்கு நூறாண்டுக்கு முன்பும் மூன்று பேரும் இரண்டரை மணியும் வேண்டியிருந்தன, இன்றும் அவ்வளவே வேண்டும். மற்ற துறைகளில் உற்பத்தி பெருகக் கூலியும் விலைவாசியும் ஏறுகின்றன. அந்த ஏற்றத்தைக் கலையும் சுமந்தாக வேண்டும், ஈடுகட்ட மட்டும் அதற்கு வழியில்லை. சீட்டு விலையை உயர்த்தினால் வர வேண்டியவர் வரமாட்டார். இருக்கைகளைக் கூட்டலாம் என்றால் சுவர் இடங்கொடுக்காது. குரூப் தியேட்டர் நடிகர்களுக்குச் சம்பளம் தராமல் இந்தச் சிக்கலை ஒத்திப்போட்டது. ஆனால் கட்டடம் கொள்கைக்காக உழைப்பதில்லை. வாடகை, மின்கட்டணம், காவலாளி, மேடைப் பணியாளர், நகராட்சி வரி ஆகிய செலவுகள் விளக்கணைந்த நாட்களிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மினர்வாவுக்குப் பிறகு குழுக்கள் பெரும்பாலும் வாடகை மேடைகளுக்குத் திரும்பின. அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற அரங்குகளில் ஒரு குழுவுக்கு மாதத்தில் ஒன்றோ இரண்டோ மாலைகள் கிடைப்பதே பெரிது. அதை வங்காள நாடகக்காரர்கள் ‘டேட்’ கிடைத்தது என்று ஆங்கிலச் சொல்லாலேயே சொல்வார்கள். எஞ்சிய நாட்களில், ஊர்ப்புறக் கிளப்புகளும் விழாக் குழுக்களும் தொகை பேசி அழைக்கும் ‘கால் ஷோ’க்களை நம்பிக் குழுக்கள் இயங்கின. சம்பு மித்ரா உள்ளிட்டோர் 1968இல் வங்காள நாடக மேடைக்கென ஒரு நிறுவனக் குழு அமைத்து, நாடகங்கள் நடத்தி நிதி திரட்டி, குழுக்களுக்குச் சொந்தமான அரங்கு ஒன்றைக் கட்ட முயன்றனர். நிலம் கிடைக்கவில்லை, அரங்கும் எழவில்லை. தென்கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி சந்திப்புக்கு அருகே ஷௌபனிக் என்ற குழு நடத்திய ‘முக்த அங்கன்’ ஒன்றுதான் 1960களில் சிறு குழுக்களுக்குக் கட்டுப்படியாகும் அடைக்கலமாக இருந்தது. பெயரின் பொருள் திறந்த முற்றம். பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’தை 1965இல் முதலில் மேடையேற்றியதும் இதே ஷௌபனிக் குழுதான்.

தமிழில் ‘கிழமை’ என்ற சொல்லுக்கு வாரத்தின் நாள் என்பதோடு உரிமை என்ற பொருளும் உண்டு. ஆறாம் வேற்றுமையைக் கிழமைப் பொருள் என்றே இலக்கணிகள் சொல்வர். கொல்கத்தாவின் குழுக்களுக்கு நேர்ந்ததை விளக்க இந்த ஒரு சொல்லே போதுமானது. அரங்கின்மேல் கிழமை போனதும் வாரத்தில் அவர்களுக்கென்று இருந்த கிழமையும் போயிற்று. பார்வையாளர் வழக்கத்தால் வருபவராக இருந்த நிலை மாறி, ஒவ்வொரு முறையும் தேடி, விசாரித்து, திட்டமிட்டு வருபவரானார். அப்படி வருபவர்கள் எப்போதும் படித்த, வசதியுள்ள, ஏற்கெனவே நாடகத்தில் ஈடுபாடுள்ள சிலராகவே சுருங்குவர்.

சென்னையில் இதே கதை வேறு உருவில் நடந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை விக்டோரியா பொது மண்டபத்தில் நாடகங்களை நடத்தியது. பின்னாளில் அது அண்ணா சாலையில் ஓர் உறுப்பினர் மன்றமாக நீடித்ததே ஒழிய நாடகம் அதன் மையமாக நீடிக்கவில்லை. ஒற்றைவாடை அரங்கில் மாதக்கணக்கில் முகாமிட்டு நடித்த நாடகக் கம்பெனிகளின் காலம் முடிந்தபின், நாடகக் குழுக்கள் சபாக்களின் நாட்காட்டியை நம்பி வாழ்ந்தன. ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினருக்கு மாதத்தில் இத்தனை நிகழ்ச்சி என்ற அந்த ஏற்பாட்டில் கிழமை சபாவுக்கு உரியதாக இருந்ததால், சபா நாடகத்தைக் குறைத்து வேறொன்றை நாடியபோது குழுக்களுக்குத் திரும்பிச் செல்லச் சொந்த வாசல் இருக்கவில்லை.

ஹாத்திபாகானின் தொழில்முறை அரங்குகளும் நீண்ட நாள் தாங்கவில்லை. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்ததும், கூட்டத்தைப் பிடித்துவைக்க 1970களில் சில அரங்குகள் கேபரே நடனத்தைச் சேர்த்துக் குடும்பப் பார்வையாளரை இழந்ததும் அவற்றின் சரிவை விரைவுபடுத்தின. பிறகு நெருப்பு வந்தது. மரமும் துணியும் கயிறும் வண்ணமும் பழைய மின்கம்பிகளும் அடைந்துகிடக்கும் நாடக அரங்கு எரிவதற்கு ஒரு பொறி போதும்; ஹாத்திபாகானின் ஸ்டார் அரங்கு 1991 அக்டோபரில் எரிந்தது; 1931இல் தொடங்கி, சது சென் அமைத்த சுழல் மேடையால் புகழ்பெற்ற ரங்மஹலும், ஒருகாலத்தில் ஸ்ரீரங்கமாக இருந்த பிஸ்வரூபாவும் ஒரே ஆண்டில், 2001இல் எரிந்தன. ஓடாத அரங்கின் மதிப்பு அது நிற்கும் நிலத்தின் மதிப்பு மட்டுமே என்ற கணக்கு வெகு நாட்களுக்கு முன்பே உறுதியாகிவிட்டதால், எரிந்த இடத்தில் மீண்டும் நாடகம் எழும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. பிரிட்டனில் இந்தக் கணக்கை மறிக்கவே 1976இல் ஒரு சட்டத்தின் வழியே நாடக அரங்குகளுக்கான அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. அரங்கு நிற்கும் நிலத்தில் வேறு எதைக் கட்டுவதற்கு விண்ணப்பம் வந்தாலும் உள்ளாட்சி அமைப்பு அந்த அறக்கட்டளையின் கருத்தைக் கேட்க வேண்டும். அது எல்லா அரங்குகளையும் காக்காது என்றாலும், நாடகம் என்பது நிலத்தின் ஒரு பயன்பாடு, அதை இழப்பது ஊருக்கு நேரும் இழப்பு என்று சட்டத்தின் மொழியில் எழுதிவைத்தது.

கொல்கத்தாவில் காப்பு முயற்சிகள் அரசின் வழியே வந்தன. ஸ்டார் அரங்கை மாநகராட்சி மீட்டுக் கட்டி 2004இல் திறந்தது. பழைய முகப்பு அப்படியே நிற்க, உள்ளே பெரும்பாலும் திரைப்படங்கள் ஓடுகின்றன. 2024 டிசம்பர் இறுதியில் அதற்கு ‘பினோதினி’ என்ற பெயர் சூட்டப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 1883இல் பீடன் தெருவில் முதல் ஸ்டார் கட்டப்பட்டபோது நடிகை பினோதினி தாசியின் பெயரை அதற்கு வைப்பதாக அவருக்கு வாக்குத் தந்து, பரத்தையர் குலத்துப் பெண்ணின் பெயரில் அரங்கு இருந்தால் ஊர் பேசும் என்று பின்வாங்கிய பழைய வஞ்சனைக்கு இது 141 ஆண்டு கழித்து வந்த பரிகாரம். ஆனால் பினோதினி நடித்த பீடன் தெரு ஸ்டார் இன்று இல்லை. ஹாத்திபாகான் ஸ்டார் 1888இல் எழுந்தபோது அவர் நடிப்பை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஒருநாளும் நடித்திராத கட்டடத்துக்கு, அங்கே நாடகம் அருகிய காலத்தில், அவர் பெயர் வந்து சேர்ந்தது.

மினர்வாவின் மறுபிறவி இதைவிடப் பொருளுள்ளது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அந்த அரங்கை மாநில அரசு புதுப்பித்து, ஊதியம் பெறும் இளம் நடிகர்களைக் கொண்ட ‘ரெபர்டரி’ ஒன்றையும், அதாவது ஒரே குழு பல நாடகங்களை மாற்றி மாற்றி நடத்தும் நிலையான ஏற்பாட்டையும் அமைத்தது. 2010இல் சுமன் முகோபாத்யாய் இயக்கத்தில் சௌமித்ர சாட்டர்ஜி லியர் அரசராக நடித்த ‘ராஜா லியர்’ அந்தக் குழுவின் படைப்பு. சீட்டுக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் மீண்டும் வந்தன. பார்வையாளர் இல்லை என்ற புலம்பலுக்கு அந்த வரிசையே விடை. ஆனால் அரசின் கூரை அரசின் மனநிலைக்கும் கட்டுப்பட்டது; 1965இல் ‘கல்லோல்’ அரசு அரங்கு ஒன்றில் நடந்திருந்தால் எத்தனை வாரம் ஓடியிருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

இந்தச் சிக்கலுக்கு முற்றிலும் வேறு திசையில் விடை தேடியவர் பாதல் சர்க்கார். அவர் தொழிலால் கட்டடப் பொறியாளர், நகரத் திட்டமிடுபவர். நகரில் எந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று வரைபடம் போடும் பணியில் வெளிநாடுகளிலும் இருந்தவர். அத்தகைய ஒருவர்தான் நாடகத்துக்குக் கட்டடமே வேண்டாம் என்று முடிவுசெய்தார். 1967இல் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கிச் சில ஆண்டுகள் வழக்கமான மேடையில் இயங்கியபின், 1970களின் தொடக்கத்தில் அவர் திரையையும் உயர்ந்த மேடையையும் விளக்குகளையும் கைவிட்டு, ஒரு சாதாரண அறையில் பார்வையாளரை நான்கு புறமும் அமர்த்தி அவர்களுக்கு நடுவிலேயே நடிக்கும் முறைக்கு மாறினார். அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்தின் மாடியறை ஒன்றில் நடந்த இதை அவர் ‘அங்கன் மஞ்ச’ என்றார்: முற்ற மேடை. ‘ஸ்பார்டகஸ்’ நாடகத்தில் அடிமைகள் பார்வையாளரின் முழங்கால்களுக்கு இடையே ஊர்ந்து சென்றனர். நடிகரின் மூச்சும் வியர்வையும் முன்வரிசைக்குப் பணம் கொடுத்தவருக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. கிராமத்து மரபு நாடகத்தை முதல் அரங்கு என்றும், ஆங்கிலேயர் வழி வந்த நகர மேடையை இரண்டாம் அரங்கு என்றும் கொண்டு, இரண்டிலுமிருந்து எடுத்தும் விலகியும் அமைந்த தம் முறையை மூன்றாம் அரங்கு என்று அவர் அழைத்தார். இடத்துக்கேற்ப வளையும் தன்மை, எளிதில் எடுத்துச் செல்லத்தக்க தன்மை, குறைந்த செலவு என்ற மூன்றும் அதன் இலக்கணங்கள். பாமோல் கணக்கின் ஒரு பக்கத்தையே, கட்டடச் செலவு என்னும் பக்கத்தை, அவர் கிழித்தெறிந்தார் எனலாம்.

அந்த மாடியறையும் நெடுநாள் கிடைக்கவில்லை. ஆனால் இழக்கக் கட்டடம் இல்லாத குழுவை மூடுவது கடினம். 1974 ஜூலை 20 அன்று கர்சன் பூங்காவில் நடந்த ஒரு நிகழ்வின்போது காவல்துறை தாக்கியதில் பிரபீர் தத்தா என்ற இளைஞர் உயிரிழந்தார். திறந்த வெளியும் ஆபத்தற்றதன்று என்பதை நகரம் அறிந்தது. அதே பூங்காவுக்குத்தான் 1976இல் சதாப்தி வந்தது. சுரேந்திரநாத் பூங்கா என்று அதிகாரப்பூர்வப் பெயர் பெற்ற அந்தப் புல்வெளியில், டிராம்கள் திரும்பும் ஓசைக்கும் கடலை விற்பவர்களின் குரலுக்கும் நடுவில், ‘மிச்சில்’, ‘போமா’ போன்ற நாடகங்கள் சீட்டின்றி நடந்தன. விரும்பியவர் விரும்பியதைத் துண்டில் போட்டனர். 1980இல் சென்னைக்கு அருகில் சோழமண்டலத்தில் சர்க்கார் நடத்திய பட்டறையின் வழியே இந்த முறை தமிழ்நாட்டின் வீதி நாடகக் குழுக்களுக்கும் வந்துசேர்ந்தது. பரீக்‌ஷா போன்ற நவீன நாடகக் குழுக்கள் அவருடைய நாடகங்களைத் தமிழில் நடத்தின.

மூன்றாம் அரங்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அது துறந்தவற்றையே பட்டியலிடுவார்கள்: மேடை, திரை, ஒப்பனை, ஒளி, சீட்டு. அது துறக்காத ஒன்று உண்டு. பூங்காவில் நாடகம் எப்போதோ நினைத்தபோது நடக்கவில்லை. வார இறுதிதோறும் நடந்தது. பூங்காவையொட்டிய எஸ்பிளனேடில் டிராமை விட்டு இறங்கியவர், அறிவிப்பு எதையும் பாராமல், இன்று நாடக நாள் என்று புல்வெளியை நோக்கி நடந்தார்.